கோட்டையை இடித்த கணக்கு

உலகத்தில் எவன் எதைக் கண்டுபிடித்தாலும் "அது நம்ம ஊர்ல அப்பவே இருந்துச்சுப்பா" என்று சொல்வது மதுரைக்காரனின் பிறப்புரிமை. என் பெரியப்பாவுக்கு அது முழுநேரத் தொழில். லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பத்தில் ஏறி அடிவாங்கிய காலத்திலிருந்து மின்சாரத்தின் மேல் அவருக்கு ஒரு பங்காளிக் கோபம் உண்டு. அவரிடம் போய், "ஆன்டெனா, மோட்டார் எல்லாத்தையும் இப்ப கம்ப்யூட்டருக்குள்ளயே கட்டிப் பாக்குறாங்க பெரியப்பா. பெரிய வடிவத்தைப் பொடிப்பொடியா நறுக்கி, துண்டுக்கு ஒரு கணக்குப் போடுறாங்க. அந்தக் கதையை எழுதப் போறேன்" என்றேன்.

"எழுது. ஆனா பிளாக்பர்ன்ல இருந்து ஆரம்பி" என்றார்.

பெரியவர் வாக்கைத் தட்டுவானேன். விஸ்வநாத நாயக்கர் காலத்தில் மதுரையைச் சுற்றிக் கோட்டை எழும்பியது. 72 கொத்தளம், 72 பாளையக்காரர். ஆளுக்கு ஒரு கொத்தளம், அதற்கு அவரே பொறுப்பு. முந்நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அது நின்றது. பிறகு கலெக்டராக வந்த பிளாக்பர்ன், ஊர் மூச்சுமுட்டுகிறது, சுவரை எடுக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். அவ்வளவு பெரிய கோட்டையை ஒரே மூச்சில் யார் இடிப்பது? இந்தத் துண்டுச் சுவரை இடித்து, அதன் எதிரே உள்ள அகழியைத் தூர்த்துக்கொள்கிறவருக்கு அந்த இடம் சொந்தம் என்று ஏற்பாடு செய்தார். கோட்டையை இடிக்க ஒருத்தனுக்கும் தெம்பில்லை. ஆனால் சும்மா கிடைக்கிற மனைக்காகப் பத்தடிச் சுவரை இடிக்க எவனுக்குத் தெம்பில்லை? 1840களுக்குள் கோட்டை காணாமல் போனது. அளந்து கொடுத்த சர்வேயர் மாரட்டுக்கு வீதிகள், மேற்பார்வை பார்த்த பெருமாள் மேஸ்திரிக்கு வீதிகள், கலெக்டருக்கு ஒரு விளக்குத் தூண். இன்றைக்கு அந்தத் தூணைத் தெரியாத ஆட்டோக்காரர் மதுரையில் கிடையாது, அது யார் நினைவாக நிற்கிறது என்று தெரிந்தவரும் அதிகம் கிடையாது.

"கட்டுனதும் கூறு போட்டு, இடிச்சதும் கூறு போட்டு. இதுக்கு மேல வெள்ளைக்காரன் என்னத்தக் கண்டுபிடிச்சான்?"

பிளாக்பர்னே வெள்ளைக்காரர்தான் என்று நான் சொல்லவில்லை. பெரியப்பா வரலாறு சொல்லும்போது குறுக்கே பேசினால் அடுத்த டீ நம் கணக்கில் வரும்.

மதுரையில் மனைப் பட்டா எல்லாம் ஓரளவு ஓய்ந்த பிறகு, 1865-ல், ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லண்டனில் ஒரு கட்டுரை வெளியிட்டார். மின்சாரம், காந்தம், வெளிச்சம் மூன்றும் ஒரே குடும்பம் என்று அதில் நிரூபித்தார். குடும்பம் என்றதும் பயந்துவிடக்கூடாது, 20 சமன்பாடுதான். அடுத்த ஆண்டு 1866-ல் மதுரை முனிசிபாலிட்டி பிறந்தது. இரண்டையும் இன்றுவரை யாரும் முழுசாகத் தீர்த்துவிடவில்லை.

அந்த இருபதை இன்று நாம் படிக்கிற நாலாகச் சுருக்கியவர் ஆலிவர் ஹெவிசைடு. தந்தி ஆபீஸ் வேலையை 24 வயதில் விட்டவர், அதற்குப் பிறகு வாழ்நாளில் எங்கும் சம்பளத்துக்குப் போகவில்லை. வயதான காலத்தில் வீட்டில் மர நாற்காலி மேஜைக்குப் பதிலாகக் கருங்கல்லைப் போட்டுக்கொண்டு, விரல் நகத்துக்கு ரோஸ் சாயம் பூசிக்கொண்டு, கையெழுத்தின் பின்னால் பட்டம் எழுதுகிற இடத்தில் 'புழு' என்று எழுதினார். நம் பக்கமாக இருந்தால் சித்தர் என்று சொல்லி அமாவாசைக்கு அமாவாசை அன்னதானம் நடத்தியிருப்போம். இங்கிலாந்தில் பாவம், கிறுக்கர் என்று சொல்லி விட்டுவிட்டார்கள்.

நாலு வரி ஆகிவிட்டது. சட்டை மார்பில் அச்சடித்துப் போட்டுக்கொள்ளலாம், போடுகிறார்கள். ஆனால் அதை வைத்து உண்மையான பொருள் எதற்காவது விடை கண்டுபிடிக்கப் போனால் சிக்கல். காகிதத்திலேயே பைசல் ஆகிற வடிவங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. முழு உருண்டை, முடிவில்லாத உருளை, முடிவில்லாத தகடு, இப்படிச் சில. ஆகவே முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக மின்காந்தப் பாடப்புத்தகங்கள் முடிவில்லாத கம்பிகளால் நிரம்பி வழிந்தன. பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

"முடிவில்லாத கம்பியா? எந்த ஸ்டோர்ல குடுக்குறான்? எங்களுக்கு அரைச் சுருளுக்கே மூணு கையெழுத்து வேணும்."

ஊரில் இருக்கிற கம்பிக்கெல்லாம் முடிவு உண்டு. அந்த முடிவில்தான் பிரச்சினையே ஆரம்பிக்கும். ஓட்டு வீட்டுக் கூரையில் கோணலாக நிற்கிற ஆன்டெனா, இரும்பும் தாமிரமும் சுற்றிய மோட்டார், மனிதனின் மண்டை, இவற்றுக்கெல்லாம் மாக்ஸ்வெல்லின் நாலு வரி பொருந்தும். விடை மட்டும் வராது.

வராத விடையைக் கூலி கொடுத்து வரவைத்தவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். மின்சாரக்காரர் இல்லை, அணைக்கட்டுக் கணக்குக்காரர். கல் அணை ஒன்றின் உடம்புக்குள் அழுத்தம் எங்கெங்கே எவ்வளவு என்று தெரிய வேண்டும். சமன்பாட்டை நேராகத் தீர்க்க வழியில்லை. அணையின் குறுக்குவெட்டில் கட்டம் போட்டார். ஒவ்வொரு கட்டப்புள்ளியின் மதிப்பையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளின் மதிப்பிலிருந்து கூட்டிக் கழித்துத் திருத்த வேண்டும். திருத்தியதைத் திரும்பவும் திருத்த வேண்டும். மாறுவது நிற்கும் வரை இதே வேலை. 1910-ல் ராயல் சொசைட்டிக்குக் கொடுத்த கட்டுரையில், கணக்குப் போட்ட பையன்களுக்கு அவர் கொடுத்த கூலி விகிதம் வரைக்கும் எழுதியிருக்கிறார். எண்ணில் எத்தனை இலக்கமோ அதைப் பதினெட்டால் வகுத்தால் வருகிற பென்னி, ஒரு புள்ளிக்கு. மூன்று இலக்கம் என்றால் ஆறில் ஒரு பென்னி. சுறுசுறுப்பான பையன் ஒருவன் வாரத்துக்கு 2,000 கணக்குப் போட்டானாம். தப்பாகப் போட்டதைத் தள்ளிவிட்டு. பிழைக்குக் கூலி பிடித்த முதல் கணினி இதுவாகத்தான் இருக்க வேண்டும். இப்போதைய கணினிகள் பிழையாகப் போட்டாலும் கரண்டு பில் முழுசாக வருகிறது.

கல் அணை என்றதும் மதுரைச் சமவெளிக்காரனுக்கு ஒரே ஒரு பெயர்தான் நாக்கில் வரும். பென்னி குயிக். 1887-ல் தொடங்கி 1895-ல் முடித்த பெரியாறு அணை, சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும். மேற்கே போகவிருந்த தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, வைகையில் சேர்த்து, மேலூர் வரை வயலுக்குக் கொண்டுவந்தது. ரிச்சர்ட்சனின் பையன்கள் பென்சில் சீவுவதற்குப் பதினைந்து வருஷம் முன்னாலேயே இது முடிந்துவிட்டது. தேனிப் பக்கம் அவர் பிறந்தநாளில் பொங்கல் வைக்கிறார்கள், ரிச்சர்ட்சனுக்கு யாரும் வைப்பதில்லை. ஆனாலும் கட்டம் போடுகிறவர்கள் நூறு வருஷம் கழித்துத் தேடி வந்தார்கள். முல்லைப் பெரியாறு வழக்கில், பெரிய நிலநடுக்கம் வந்தால் அணை தாங்காது என்று ரூர்க்கி ஐஐடியின் கணினி ஆய்வு ஒன்றைக் கேரளம் காட்டியது. தமிழ்நாடு அதை மறுத்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. மாதிரிக் கணக்கு எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும், அதை நம்புவதா வேண்டாமா என்பது நீங்கள் அணைக்கு எந்தப் பக்கம் பயிர் வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஜெர்மனியில் 1928-ல் கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லேவி என்ற மூன்று கணித மேதைகள் ஒரு கட்டுரை எழுதினார்கள். கட்டம் போட்டு அலையை ஓடவிடுகிறவனுக்கு அவர்கள் சொன்ன விதி இது. உன் கடிகாரம் ஒரு படி நகரும் நேரத்தில், நிஜ அலை உன் கணக்குக்கு எட்டாத தூரத்தை எட்டிவிடக்கூடாது. எட்டினால் கணக்கு குட்டிச்சுவர். அப்போது உலகத்தில் கணினியே இல்லை. இல்லாத பிள்ளைக்கு ஊசி போட்ட மாதிரி, இருபது முப்பது வருஷம் முன்கூட்டியே நோயைத் தடுத்து வைத்தார்கள். அதே கூரன்ட் நாஜிகளால் வேலையிழந்து நியூயார்க் போய், 1943-ல் ஒரு கட்டுரையின் பின்னொட்டில், பரப்பை முக்கோணங்களாக வெட்டித் தீர்க்கிற வழியையும் எழுதிவைத்தார். யாரும் சட்டை செய்யவில்லை. விமானக் கட்டுமானக்காரர்கள் 1950களில் அதே வழிக்குத் தாங்களாக வந்து சேர்ந்தார்கள், 1960-ல் அதற்கு 'ஃபைனைட் எலிமென்ட்' என்று பெயர் விழுந்தது. பெரியப்பாவைக் கேட்டால் அதன் பெயர் பெருமாள் மேஸ்திரி முறை.

மின்சார மோட்டாருக்குள் இந்த முறையை நுழைத்தவர்களில் முக்கியமானவர்கள் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்த பீட்டர் சில்வெஸ்டரும் அவரிடம் ஆராய்ச்சி செய்த எம்.வி.கே. சாரியும். 1970 வாக்கில். இரும்பு ஓரளவுக்கு மேல் காந்தத்தை வாங்காமல் முரண்டு பிடிக்கும், அந்த முரண்டையும் சேர்த்துக் கணக்கில் பிடித்தார்கள். இதைப் பற்றி இன்னும் எழுதலாம். ஆனால் மோட்டார் என்றால் கோயம்புத்தூர்க்காரர்கள் உடனே எழுந்து நின்றுவிடுவார்கள், இது மதுரைக் கட்டுரை.

1966-க்கு வருவோம். அந்த வருஷம் மதுரைக்குப் பல்கலைக்கழகம் வந்தது. தெ.பொ. மீனாட்சிசுந்தரம் முதல் துணைவேந்தர். ஊரே பெருமைப்பட்டது. அதே வருஷம் மே மாதம் அமெரிக்காவில் கேன் யீ என்பவரின் ஆறு பக்கக் கட்டுரை வெளியானது, ஒருத்தரும் பெருமைப்படவில்லை. யீ சீனாவில் கான்டனில் பிறந்தவர், லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியைத் தானாகப் படித்துக்கொண்டிருந்தவர், கை பழக மாக்ஸ்வெல் சமன்பாட்டை எடுத்துக்கொண்டார். நாமெல்லாம் கணினி மொழி படிக்க ஆரம்பித்தால் நம் பெயரைப் பத்து தடவை திரையில் அச்சடிப்போம். சிலருக்குப் பழக்கமே வேறு.

அவர் செய்தது இதுதான். வெளியைப் பொடிப் பெட்டிகளாக வெட்டினார். மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் ஒரே புள்ளியில் உட்கார வைக்காமல், மின்புலத்தைப் பெட்டியின் விளிம்புகளிலும் காந்தப்புலத்தை முகங்களின் நடுவிலும் வைத்தார். நேரத்திலும் அப்படியே, இதற்கும் அதற்கும் அரைப்படி வித்தியாசம். இங்கே ஒரு மின்புல மதிப்பைப் புதுப்பிக்க வேண்டுமா, சுற்றியுள்ள நாலு காந்தப்புலத்தைக் கேட்டால் போதும். காந்தப்புலத்துக்குச் சுற்றியுள்ள நாலு மின்புலம். ஊரின் மறுகோடியில் என்ன நடக்கிறது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அக்கம்பக்கம் போதும். பெரிய சமன்பாட்டுத் தொகுதி எதையும் ஒருசேரத் தீர்க்காமலே அலை தானாக நடந்துபோகும்.

அழகான யோசனை. ஒரே குறை, படி அளவுக்கு அவர் கொடுத்த நிபந்தனை தப்பு. கூரன்ட் கும்பல் 38 வருஷம் முன்பே ஊசி போட்டு வைத்திருந்தும் நோய் வந்துவிட்டது. பின்னால் வந்தவர்கள்தான் திருத்தினார்கள். 2 மில்லிமீட்டர் கட்டம் போட்டால் நேரப்படி ஒரு விநாடியின் லட்சம் கோடியில் நாலு பங்குக்கும் சற்றே கீழே இருக்க வேண்டும். 150 கோடி அதிர்வெண்ணில் ஓர் அலை ஒரே ஒரு முறை ஆடி முடிக்கவே 170-க்கு மேல் படி. சரி, கட்டத்தை இன்னும் நுணுக்கமாக, பாதி அளவாகப் போடுவோம் என்றால் பெட்டிகள் எட்டு மடங்கு, படிகள் இரண்டு மடங்கு, வேலை பதினாறு மடங்கு. அன்றைய கணினிகளின் ஞாபகசக்தி கல்யாண வீட்டில் மொய் எழுத மறந்தவனின் ஞாபகசக்தி அளவுதான். ஆகவே யீயின் கட்டுரை நூலகத்தில் தூங்கியது.

அதை எழுப்பியவர் அலன் டாஃப்லோவ். எழுப்பிய காரணம் கண்புரை.

நம்புங்கள். ரேடாருக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு நுண்ணலை கண்ணைச் சூடாக்கிப் புரை உண்டாக்குமா என்று அமெரிக்காவில் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த டாஃப்லோவ் கையில் அந்தக் கண் வந்து சேர்ந்தது. மனிதக் கண் உருண்டைதானே, உருண்டைக்குத்தான் விடை தெரியுமே என்று சொல்ல முடியாது. உள்ளே லென்ஸ், திரவம், பின்னால் கொழுப்பு, சுற்றிலும் எலும்புக் குழி. அன்றைக்கு நடப்பிலிருந்த முறைகளில் போட்டால் அத்தனை தெரியாத எண்களைக் கணினி தாங்காது. யீயின் அக்கம்பக்க முறை தாங்கும். 1975 நவம்பரில் டாஃப்லோவும் அவருடைய பேராசிரியர் பிராட்வினும் விடையை வெளியிட்டார்கள். சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிவாட் வீதம் 1.5 கிகாஹெர்ட்ஸ் அலை விழுந்தால், கண் உருண்டையின் நடுவில் 40.4 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிற சூட்டுப்புள்ளி ஒன்று உண்டாகும்.

"நாப்பது புள்ளி நாலா?" என்றார் பெரியப்பா. "கத்திரி வெயில்ல மாட்டுத்தாவணில நின்னா எனக்கு அதுக்கு மேல வருமேடா."

அவர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. அந்த 100 மில்லிவாட் உச்சி வெயிலின் அளவேதான். வித்தியாசம், வெயில் விழுந்தால் நாம் கண்ணை இடுக்குகிறோம், நிழலுக்கு ஓடுகிறோம். நுண்ணலை ஒளிரவும் இல்லை, கூசவும் இல்லை, தோல் தடுக்கவும் இல்லை, நேராக நடுக்கண்ணுக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது. கண்ணின் நடுவில் இரத்தக் குழாய் இல்லாததால் சூட்டை அள்ளிக்கொண்டு போகவும் ஆளில்லை.

அமெரிக்காவில் ஒரு கண்ணைக் கணினிக்குள் வைத்துப் புரை வருமா என்று பார்த்து முடித்த அடுத்த வருஷம், 1976-ல், மதுரையில் 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போயிருந்தும் கத்தி பிடிக்கப் பழகிக்கொண்ட மனிதர். இங்கே கண்புரைக்கு ரேடார் தேவைப்படவில்லை, வயதும் வெயிலும் போதுமானதாக இருந்தன. அவர் தன் மருத்துவமனைக்கு முன்மாதிரியாகப் பார்த்தது மெக்டொனால்ட்ஸ் கடைகளை. பன்னுக்கு நடுவில் கறி வைக்கிற வேகத்தில் கண்ணுக்கு நடுவில் கத்தி வைக்க முடியாதா என்று யோசித்த மருத்துவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். முடிந்தது என்பதுதான் ஆச்சரியம்.

அரவிந்தின் அறுவை அரங்கத்தைப் பார்த்தவர்களுக்கு யீயின் முறையை நான் விளக்கவே வேண்டாம். மருத்துவருக்கு இரண்டு மேஜை. இந்த மேஜையில் அறுவை நடக்கும்போது அந்த மேஜையில் அடுத்தவரைப் படுக்கவைத்துத் தயார் செய்வார்கள். இங்கே முடிந்ததும் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பினால் வேலை தொடரும், அதற்குள் இந்த மேஜையில் வேறு ஆள். ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்கிற நேரமே கிடையாது. மின்புலம் ஒரு மேஜை, காந்தப்புலம் மறு மேஜை, நடுவில் அரைப்படி. டாஃப்லோவ் மதுரைக்கு வந்து இதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார் என்று பெரியப்பா ஊர் முழுக்கச் சொல்லி வருகிறார். 1975 முன்னாலா 1976 முன்னாலா என்ற சில்லறை விவகாரத்தில் அவருக்கு அக்கறை இல்லை.

டாஃப்லோவ் அதன்பின் சிகாகோவில் ஐஐடி ஆராய்ச்சிக் கழகத்தில் சேர்ந்தார். ஐஐடி என்றதும் பயிற்சி மையத்துக்கு முன்பணம் கட்டப் போகிறவர்கள் உட்காருங்கள், இது இல்லினாய்ஸ் ஐஐடி. அங்கே இருந்தபோது 1980-ல் யீயின் அந்த முறைக்கு எஃப்.டி.டி.டி. (ஃபைனைட் டிஃபரன்ஸ் டைம் டொமைன்) என்று பெயர் வைத்தார். பெயர் வைத்த பிறகும் பத்து வருஷம் அதிகம் பேர் எட்டிப் பார்க்கவில்லை. அவர் கேட்பார் இல்லாமலே எழுதிக்கொண்டிருந்தார்.

எட்டிப் பார்க்காததற்கு ஒரு காரணம் கோட்டைச் சுவர். பிளாக்பர்ன் சுவரை இடித்துவிட்டு நிம்மதியாகப் போய்விட்டார். கணினிக்காரனால் அது முடியாது. ஆன்டெனாவிலிருந்து புறப்படுகிற அலை வானத்தின் கடைசி வரை போக வேண்டும். கணினியின் கட்டமோ ஓரிடத்தில் முடிந்தாக வேண்டும். முடிகிற இடத்தில் அலை சுவரில் மோதித் திரும்பி வந்து நடுவில் நடக்கிற கணக்கைக் கெடுக்கும். விடையில் பாதி ஆன்டெனா, பாதி எதிரொலி. 1981-ல் மூர் என்பவர் சுவருக்கு ஓர் ஒட்டுப் போட்டார், நேராக வருகிற அலையை ஓரளவு விழுங்கும், சாய்வாக வருவதைத் துப்பிவிடும். 1994-ல் பிரான்ஸ் நாட்டின் பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்த ழான்-பியர் பெரஞ்சே ஓர் அடாவடி யோசனை சொன்னார். உலகத்தில் எங்கும் இல்லாத ஒரு பொருளைக் கணக்கில் மட்டும் உருவாக்கி, கோட்டையைச் சுற்றி அடுக்கினார். அலை எந்தக் கோணத்தில் வந்தாலும் அதற்கு உள்ளே நுழைந்தது தெரியாது, நுழைந்த பிறகு மெல்ல மெல்லச் செத்துப்போகும். இயற்கைக்குப் புறம்பான அந்தச் சரக்கு வந்த பிறகுதான் இயற்கையைப் பற்றிய கணக்கு ஒழுங்காக வந்தது. இதைப் பற்றித் தத்துவமாக ஏதாவது சொல்லத் தோன்றுகிறது, அடக்கிக்கொள்கிறேன்.

வேறொரு கட்சியும் உண்டு. காற்றையெல்லாம் எதற்கு நறுக்குகிறீர்கள், உலோகத்தின் மேற்பரப்பை மட்டும் நறுக்குங்கள், அதில் ஓடுகிற மின்னோட்டம் தெரிந்தால் மற்றதெல்லாம் தெரியும் என்பார்கள். 1968-ல் ஹாரிங்டன் எழுதிய புத்தகம் அந்தக் கட்சியின் வேதம், மொமெண்ட் முறை என்று பெயர். இங்கே அக்கம்பக்கக் கட்டுப்பாடு கிடையாது. ஒவ்வொரு துண்டும் மற்ற எல்லாத் துண்டோடும் பேசும். ஆயிரம் துண்டு என்றால் பத்து லட்சம் பேச்சு, பத்தாயிரம் துண்டு என்றால் பத்துக் கோடி. அதோடு, துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் மின்னோட்டம் தாண்டும்போது எல்லையில் மின்னூட்டம் தேங்கிக் கணக்கைக் கெடுத்தது. இதைச் சரிசெய்தவர்களில் முதல் பெயர் சதாசிவ ராவ். உஸ்மானியாவில் படித்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மைக்ரோவேவ் படித்து, மிசிசிப்பி போனவர். 1982-ல் வில்டன், கிளிசன் என்ற இருவரோடு சேர்ந்து, முக்கோணங்களை ஜோடி ஜோடியாகப் பிணைத்து, பொது விளிம்பைத் தாண்டும்போது ஓட்டம் தேங்காமல் வழிய வழி செய்தார். இன்று உலகத்தில் விமானத்தின் மேல் ரேடார் அலை பட்டால் என்ன ஆகும் என்று கேட்கிற இடங்களிலெல்லாம் அந்த முக்கோண ஜோடி இருக்கிறது. ராவின் பெயரைக் கேட்டதும் பெரியப்பா "நம்ம பக்கத்து ஆளா?" என்றார். தெலுங்குப் பக்கம் என்றதும், "நாயக்கர் காலத்துல எல்லாம் ஒண்ணுதானே" என்று எடுத்துக்கொண்டார்.

இந்தக் கதையெல்லாம் திருப்பரங்குன்றத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று பார்த்தால் அது பெட்டி பெட்டியாக வந்தது. கருமுத்து தியாகராஜன் செட்டியார் 1957-ல் தொடங்கிய தியாகராசர் பொறியியல் கல்லூரி அங்கே இருக்கிறது, ஆன்டெனா ஆராய்ச்சி அங்கே நடக்கிறது. அதைச் சுற்றி, மதுரையிலிருந்து விருதுநகர் வரை, பிற்காலத்தில் முளைத்த கல்லூரிகள் வேறு. மாக்ஸ்வெல் தாளிலும் ரிச்சர்ட்சன் பையன்களாலும் போட்டதை இப்போது மென்பொருள் போடுகிறது. நறுக்குவதும் அதுவே. எங்கே பிழை அதிகமோ அங்கே அதுவாகவே துண்டைப் பொடியாக்கித் திரும்பவும் போடும். முடிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று சித்திரைத் திருவிழாப் பந்தல் போல ஒரு படம் வரும். படம் வந்துவிட்டால் விடை சரி என்று நம்புவது மாணவர் உரிமை. சமன்பாட்டில் பாதியைத் தப்பாகக் கொடுத்தாலும் படம் அதே அழகோடு வரும் என்பது எல்லா ஆசிரியருக்கும் தெரியும், அவர்களும் சொல்வதில்லை, படம் அழகாக இருக்கிறதே.

2012 வாக்கில் இந்த மாணவர்கள் பட்ட பாடு தனி. தமிழ்நாட்டில் மின்வெட்டு மணிக்கணக்கில் இருந்த காலம். ராத்திரி பத்து மணிக்கு ஓட்டிவிட்டுப் படுப்பார்கள். துண்டுகள் லட்சத்தைத் தாண்டியிருக்கும், விடை நெருங்கிக்கொண்டிருக்கும். விடிகாலை நாலு மணிக்கு மின்விசிறி நிற்கும். விசிறி நின்றதில் விழித்துக்கொண்ட பையன் முதலில் கொசுவைத் திட்டுவான், அப்புறம்தான் கணினி ஞாபகம் வரும். யூபிஎஸ் எத்தனை நிமிஷம் அழும் என்று விடுதியே கணக்கு வைத்திருந்தது. மாக்ஸ்வெல்லின் சமன்பாட்டைத் தீர்க்கப் போனவனை மாக்ஸ்வெல்லே கைவிட்ட கதை உலக வரலாற்றில் வேறு எங்காவது உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

எல்லாம் தாண்டி ஒரு பேட்ச் ஆன்டெனா பிறக்கும். பி.இ. கடைசி வருஷத்தில் மூன்றில் ஒருவனுக்குப் புராஜெக்ட் பேட்ச் ஆன்டெனாதான், மற்ற இருவருக்கும் அதையே கொஞ்சம் வெட்டியது. எஃப்ஆர்4 என்ற பச்சைப் பலகை, தடிமன் 1.6 மில்லிமீட்டர், மின்காப்பு எண் 4.4. யாரைக் கேட்டாலும் 4.4. இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சீனியர் கொடுத்த ஃபைலிலிருந்து வந்தது. சீனியருக்கு அவன் சீனியர். கணினியில், திரும்பி வரும் அலையின் கோட்டில், 2.45 கிகாஹெர்ட்ஸில் அழகாக ஒரு பள்ளம் விழும். பலகையை வெட்டி, இணைப்பானைப் பற்றவைத்து, நெட்வொர்க் அனலைசரில் மாட்டினால் பள்ளம் 2.40-ல் நிற்கும். கடையில் வாங்கிய பலகையின் எண் 4.4 இல்லை, 4.6 பக்கம். எந்தத் தாளிலும் அச்சடிக்காத விஷயம் இது.

அதற்கும் வழி இருக்கிறது. கணினிக்குத் திரும்பப் போய் 4.4-ஐ அழித்துவிட்டு 4.5, 4.55, 4.6 என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். ஏதோ ஒரு எண்ணில் கணக்கின் கோடும் அளவீட்டின் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொள்ளும். உடனே படத்தை எடுத்து, கணக்கும் அளவீடும் நன்றாக ஒத்துப்போகின்றன என்று கீழே எழுதி, பைண்டிங் கடைக்கு ஓடுவார்கள். வைவா அன்று எக்ஸ்டெர்னல் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து அந்தப் பக்கத்தில் நிற்பார். மின்காப்பு எண் 4.58 என்று இருக்கும். ஏன் 4.58 என்று கேட்க வாயைத் திறப்பார். மணி ஒன்றரை ஆகியிருக்கும், உள்ளூர்ப் பேராசிரியர் கதவருகே வந்து, "சார், மெஸ்ஸுல அயிரை மீன் குழம்பு தீந்துரும்" என்பார்.